தூக்குப்போசியும் மஞ்சள் பையும்

ரமளான் மாதத்தில் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் நோன்புக் கஞ்சி வாங்கச் சிறுவர்கள் வரிசையில் நிற்பது நாம் இளமை தொட்டுக் கண்டுவரும் காட்சியாகும். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கோவையின் மஹல்லாக்களில் அவ்வரிசையில் நின்ற ஒவ்வொரு சிறுவன் கையிலும் ஒரு தூக்குப்போசி இருந்தது. பித்தளையோ, அலுமினியமோ, எவர்சில்வரோ, மூடியின் மேல் வீட்டாரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். இன்று பலர் வெறுங்கையுடன் வருகின்றனர். அண்டாவிலிருந்து ஆவி பறக்க முகக்கப்படும் கஞ்சி மெல்லிய பாலித்தீன் கவரில் ஊற்றப்பட்டு, வாய் கட்டப்பட்டு, அவர்கள் கையில் தரப்படுகின்றது. இஃப்தார் முடிந்த அரை மணி நேரத்தில் அக்கவர்கள் யாவும் குப்பைத் தொட்டியையும் சாக்கடையையும் சென்றடைகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், உணவு பற்றிய ஃபிக்ஹுப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், கஞ்சி ஹலால்தான். கொதிக்கும் கஞ்சியைக் கவரில் வாங்கிக் குடித்தால் அது தய்யிபும் ஆகுமா?" என்று வினவினார். அனுமதிக்கப்பட்டது என்பது ஹலால். தூயது, நலம் தருவது என்பது தய்யிப். உண்ணும் பொருளில் இவ்விரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்று அருள்மறை கற்பிக்கின்றது. நன்கு ஆராய்ந்து விடை கூறுவதாகச் சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தோம். அன்று மாலை இல்லம் திரும்பியபோது நம் கையிலேயே உணவகத்திலிருந்து வாங்கிய சூடான குழம்பு கவரில் தொங்கிக்கொண்டிருந்தது. விடை கூறும் தகுதி நமக்கு உண்டா என்னும் எண்ணம் அப்போது எழுந்தது.

ஆகவே முதலில் நம் இல்லத்தையே கணக்கெடுத்தோம். ஐவர் வாழும் வீடு. ஒரு வாரத்தில் எறியப்படும் பிளாஸ்டிக் பொருள்களை ஒரு சாக்கில் சேர்த்து வைத்து எண்ணினோம். பால் உறைகள் 14; இவையன்றித் தயிர், இட்லி மாவு, காய்கறி, இறைச்சி ஆகியவற்றின் கவர்கள், ஷாம்புப் பொட்டலங்கள், பிஸ்கட் உறைகள், தண்ணீர் பாட்டில்கள் என மொத்தம் 112 உருப்படிகள் இருந்தன. இவற்றுள் பெரும்பாலானவை நம் வீட்டில் ஒரு நாள்கூடப் பயன்பட்டவை அல்ல. மாணவரின் கேள்விக்குரிய விடையைத் தேடிய முயற்சியே இக்கட்டுரையாகும்.

அழியாப் பொருளின் வரலாறு

பிளாஸ்டிக்கைத் தமிழில் நெகிழி என்று வழங்குகிறோம். முற்றிலும் செயற்கையான முதல் நெகிழியான பேக்கலைட்டை லியோ பேக்லண்ட் 1907ஆம் ஆண்டில் உருவாக்கினார். இன்று நம் கைகளில் புழங்கும் கவரின் மூலப்பொருளான பாலித்தீன், 1933ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இரசாயனத் தொழிற்கூடம் ஒன்றில் வேறோர் ஆய்வின்போது தற்செயலாகக் கிடைத்ததாகும். கைப்பிடியுடன் கூடிய மெல்லிய கவரை வடிவமைத்தவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாஃப் தூலின். அதற்கான காப்புரிமை 1965ஆம் ஆண்டு அமெரிக்காவில் வழங்கப்பட்டது. காகிதப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கவே தம் தந்தை அதனை வடிவமைத்தார் என்றும், ஒரு கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தி வந்தார் என்றும் அவருடைய மகன் பின்னாளில் தெரிவித்துள்ளார். பலமுறை பயன்படுத்த ஆக்கப்பட்ட பொருளை ஒரு முறை பயன்படுத்தி எறியும் பொருளாக மாற்றியது நம் பழக்கமேயாகும்.

நெகிழி அழியாமைக்குக் காரணம் அதன் கட்டமைப்பிலேயே உள்ளது. கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் பெறப்படும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோக்கப்படுவதால் அது உருவாகின்றது. இலை, எலும்பு, பருத்தி ஆகியவற்றை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எளிதில் சிதைத்து உணவாக்கிக்கொள்கின்றன. பாலித்தீனின் நீண்ட கார்பன் சங்கிலியை அவ்வாறு எளிதில் அறுக்க அவற்றால் இயலுவதில்லை. வெயிலும் உராய்வும் அதனைத் துண்டாக்கும், துண்டு துகளாகும், துகள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகும். ஆயினும் அது நெகிழியாகவே எஞ்சியிருக்கும்.

1950ஆம் ஆண்டில் உலகம் முழுதும் ஏறத்தாழ 20 இலட்சம் டன் நெகிழி உற்பத்தி செய்யப்பட்டது. இன்று அது ஆண்டுக்கு 40 கோடி டன்னைக் கடந்துள்ளது. 2017ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, 2015 வரை உண்டான நெகிழிக் கழிவில் 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி செய்யப்பட்டது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 விழுக்காடு குப்பை மேடுகளிலும் இயற்கைச் சூழலிலும் தங்கிவிட்டது. "மறுசுழற்சிக்குத்தானே போகிறது" என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதலுக்கு இக்கணக்கில் மிகச் சிறிய இடமே உள்ளது.

நம் மண்ணில் கண்டது

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் ஊற்றெடுக்கும் நொய்யல் ஆறு கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கின்றது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் முதலிய நீர்நிலைகள் இவ்வாற்றுடன் வாய்க்கால்களால் இணைக்கப்பட்டவை. முன்னோர் அமைத்துத் தந்த இவ்வாய்க்கால்களின் மதகுகளில் மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும் பொருள்களுள் முதன்மையானவை கவர்களும் பாட்டில்களுமே. மாநகரின் தெருக்களில் எறிந்தவை நீரோடு சென்று கீழேயுள்ள உழவர்களின் வயல்களை அடைகின்றன.

நம் நகரின் குப்பை சேரும் மற்றோர் இடம் வெள்ளலூர். 600 ஏக்கருக்கும் மேற்பட்ட அக்கிடங்கில் பல்லாண்டுக் கழிவு மலையெனக் குவிந்தது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்குப் பற்றிய தீ பல நாட்கள் புகைந்தது. அப்புகையைச் சுவாசித்தவர்கள் கிடங்கைச் சுற்றிலும் வாழும் எளிய மக்கள். கவரைப் பயன்படுத்தியவர் ஒருவர், அதன் துன்பத்தை ஏற்றவர் மற்றொருவர் என்பதே இச்செய்தியில் நாம் கருதத்தக்கது.

வாயில்லா உயிர்களும் இத்துன்பத்துக்குத் தப்பவில்லை. 2025ஆம் ஆண்டு மே மாதம் மருதமலை அடிவாரத்தில் பெண் யானை ஒன்று நோயுற்று வீழ்ந்து, சிகிச்சை பலனின்றி இறந்தது. உடற்கூற்று ஆய்வில் அது கருவுற்றிருந்ததும், அதன் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவுகள் கிடந்ததும் தெரியவந்தன. மலையோரத்துக் குப்பைக் கிடங்குகளில் எறியப்படும் கவர்களில் உணவின் மணமும் உப்பின் சுவையும் ஒட்டியிருப்பதால் யானைகள் அவற்றைக் கவருடன் விழுங்குகின்றன. உணவை மீதம் வைத்துக் கவரில் முடிந்து எறியும் நம் வழக்கம் எங்குச் சென்று முடிகிறது என்பதற்கு இது சான்றாகும்.

மனித உடலும் விலக்கன்று. 2022ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 22 பேரின் குருதியைச் சோதித்தபோது 17 பேரிடம் நெகிழி நுண்துகள்கள் இருக்கக் கண்டனர். 2020ஆம் ஆண்டு காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் உட்புறம் மென்படலம் பூசப்பட்ட காகிதக் குவளையில் 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்தபோது, சுமார் 25,000 நுண்துகள்கள் நீரில் கலந்திருந்தன. இத்துகள்கள் உடலில் விளைவிக்கும் தீங்கின் முழு அளவு குறித்து அறிவியலாளர் இன்னும் ஆய்ந்து வருகின்றனர். ஆயினும் வெப்பமும் நெகிழியும் சேரும்போது துகள்களும் வேதிப்பொருள்களும் உணவில் இறங்குகின்றன என்பது ஐயத்துக்கு இடமற்றதாகிவிட்டது. மாணவர் கேட்ட கேள்வியின் ஒரு பாதிக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது.

சட்டம் செய்ததும் செய்யாததும்

நம் அண்டை மாவட்டமான நீலகிரி இத்துறையில் வழிகாட்டியாக விளங்குகின்றது. அங்கு மாவட்ட ஆட்சியராக இருந்த சுப்ரியா சாஹு அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் முன்னரே பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். மாநிலம் முழுமைக்குமான அரசாணை 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறப்பிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்கள், தடிமன் எதுவாயினும், தடைசெய்யப்பட்டன. கைப்பைகள், உணவு கட்டும் தாள்கள், மேசை விரிப்புகள், தட்டுகள், நெகிழி பூசிய குவளைகள், தண்ணீர்ப் பொட்டலங்கள், உறிஞ்சு குழாய்கள் முதலியன அவற்றுள் அடங்கும். துணி போலத் தோன்றும் "நான்-ஓவன்" பைகளும் இத்தடைக்கு உட்பட்டவையே. அவையும் பாலிப்ரொப்பிலீன் என்னும் நெகிழியால் ஆனவை என்பதைப் பலர் அறியார். இந்திய அரசு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுதும் ஒற்றைப் பயன்பாட்டுப் பொருள்கள் பலவற்றைத் தடை செய்தது. 2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது.

இத்தனைக்குப் பின்னும் நம் வீட்டுச் சாக்கில் 112 உருப்படிகள் சேர்ந்தன. கடைக்காரரைக் குறை கூறுவது எளிது. ஆனால் "கவர் இல்லையா?" என்று கேட்டு, இல்லையெனில் அடுத்த கடைக்கு நடப்பவர்கள் நாம்தாமே! விற்பவரைச் சட்டம் தடுக்கலாம்; கேட்பவரின் நாவைத் தடுக்க அவருடைய மனமே காவலாக வேண்டும்.

இஸ்ராஃபும் தப்தீரும்

வீண் செலவைக் குறிக்க அரபு மொழியில் இரு சொற்கள் வழங்குகின்றன. தேவையான ஒன்றில் அளவைக் கடப்பது இஸ்ராஃப். தேவையற்ற இடத்தில் பொருளை இறைப்பது தப்தீர். விதை என்று பொருள்படும் "பத்ர்" என்னும் சொல்லின் வேரிலிருந்தே தப்தீர் பிறந்தது. விதையை அள்ளி இறைப்பது போலப் பொருளை இறைப்பதை அது சுட்டுகின்றது. நிலத்தில் இறைத்த விதை முளைக்கும், அல்லது மட்கி எருவாகும். நாம் நிலத்தில் இறைக்கும் கவர் முளைப்பதுமில்லை, மட்குவதுமில்லை.

"ஒரு கவரின் விலை என்ன? சில காசுகள்தாமே; இதில் இஸ்ராஃப் எங்கே?" என்று கேட்கப்படலாம். ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து உளூச் செய்பவரும் நீரை வீணாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையாக அறிவிக்கப்படுகின்றது. ஆற்றுநீருக்கு விலையில்லை, அள்ளிய நீர் ஆற்றுக்கே திரும்பிச் செல்லும். அங்கும் சிக்கனம் போதிக்கப்பட்டிருக்க, திரும்பிச் செல்ல இடமற்ற ஒரு பொருளை வீணாக்குவதற்கு மலிவு எவ்வாறு நியாயமாகும்?

தனக்கும் பிறர்க்கும் தீங்கு நேரலாகாது என்பது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட "மஜல்லா" என்னும் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி முகப்பிலேயே இடம்பெற்றுள்ளது. முற்கால முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்னும் அங்காடி அதிகாரி இருந்தார். கி.பி. 1058இல் மறைந்த இமாம் மாவர்தீ, 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷைஸரீ ஆகியோர் அவருடைய கடமைகளை விரித்து எழுதியுள்ளனர். நிறையும் அளவும் சரிபார்த்தல் மட்டுமன்றி, உணவு விற்போரின் பாத்திரத் தூய்மையைக் கவனித்தல், பொது வழியில் பிறர்க்கு இடையூறானவை போடப்படாமல் தடுத்தல் ஆகியனவும் அவர் பணிகளாயிருந்தன. நம் காலத்தில் இந்தோனேசிய உலமா மன்றம் 2014ஆம் ஆண்டு கழிவு மேலாண்மை குறித்துத் தனி ஃபத்வாவே வெளியிட்டுள்ளது. ஆகவே இப்பொருளைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் தனிக் கவலை என்று ஒதுக்குவதற்கில்லை.

எதை விடுவது, எதை வைப்பது?

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். நெகிழி முழுவதையும் வெறுத்து ஒதுக்குவது அறிவுடைமையாகாது. மருத்துவமனையின் ஊசிக்குழலும், குருதிப் பையும், வறண்ட கொங்கு மண்ணில் தென்னைக்குச் சொட்டு நீர் கொண்டு செல்லும் குழாயும் நெகிழியே. கி.பி. 1388இல் மறைந்த அந்தலூசிய அறிஞர் இமாம் ஷாத்திபீ, மனித நலன்களை மூன்று படிகளாக வகுத்தார்: இன்றியமையாதவை (ளரூரிய்யாத்), தேவையானவை (ஹாஜிய்யாத்), அழகும் வசதியும் கூட்டுபவை (தஹ்ஸீனிய்யாத்). இந்த அளவுகோலைக் கையில் ஏந்தி வீட்டுச் சாக்கைப் பிரித்துப் பார்த்தோம்.

மருந்தின் உறை முதல் படியில் அமைந்தது. பால் உறை இரண்டாம் படியில் அமைந்தது. அதற்கு மாற்று உடனே அகப்படவில்லை. காய்கறிக் கவர், இறைச்சிக் கவர், உறிஞ்சு குழாய், தண்ணீர் பாட்டில், தேநீர்க் குவளை என எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை மூன்றாம் படியைக்கூட எட்டவில்லை. அவை அழகும் அல்ல, வசதியும் அல்ல. கையில் பை எடுத்துச் செல்ல மறந்ததன் விளைவுகள். குறைக்கும் பணியை இந்த மூன்றாவது குவியலிலிருந்து தொடங்குவதே எளிது.

அடுக்களையிலிருந்து தொடக்கம்

கடைக்குச் செல்லும்போது துணிப்பை, இறைச்சிக்கும் மீனுக்கும் மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, மாவுக்கும் தயிருக்கும் தூக்குப்போசி — இம்மூன்றையும் வாயிற்கதவின் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டி வைத்தாலே பாதிக் கவர்கள் குறைந்துவிடும். வெளியே சென்றபின் நினைவு வந்து பயனில்லை. ஆகவே கண்ணில் படும் இடத்தில் வைப்பது முக்கியம். இருசக்கர வண்டியின் பெட்டியில் மடித்த பையொன்று எப்போதும் கிடப்பது நன்று.

பருப்பு, அரிசி, மசாலாப் பொருள்களை மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக வாங்கினால் சிறு பொட்டலங்கள் குறையும். சிறு பொட்டல விற்பனை முறைக்கு நம் தமிழகத்தில் முன்னோடியாய் விளங்கியவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். பெரும் புட்டி வாங்க இயலாத ஏழைக்கும் ஷாம்பு கிட்டச் செய்தது அதன் நன்மை. ஆனால் பல அடுக்குகள் ஒட்டிய அவ்வுறையைப் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். பழைய பொருள் வாங்குவோரும் அதனை ஏற்பதில்லை. இயன்றவர் பெரிய புட்டி வாங்கலாம்; சீயக்காயையும் அரப்பையும் கைவிடாதவர்களுக்கு அதுவும் வேண்டியதில்லை.

சிறுவாணி நீரின் சுவைக்குப் பெயர்பெற்ற நகரத்தார் நாம். ஆயினும் விருந்தினர் வந்தால் பாட்டில் நீரை நீட்டுவதே மரியாதை என்று கருதத் தொடங்கியுள்ளோம். காய்ச்சி ஆறிய நீரைச் செம்பில் தருவதில் குறைவு ஒன்றுமில்லை. பயணத்துக்கு எவர்சில்வர் குப்பி போதுமானது.

பாத்திரம் துலக்க நெகிழி நாருக்குப் பதிலாகப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் நாரும் காய்ந்த பீர்க்கங்காய்க் கூடும் உள்ளன. பல் துலக்க மிஸ்வாக் குச்சி நமக்குப் புதிதன்று. பாலியெஸ்டர் ஆடைகளைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய நெகிழி இழைகள் நீரில் கலக்கின்றன. பருத்திக்குப் பெயர்பெற்ற கொங்கு நாட்டில் வாழும் நாம் அன்றாட உடைக்குப் பருத்தியைத் தேர்வது மண்ணுக்கும் நெசவாளருக்கும் நன்மையாகும்.

இரு தவறுகளைக் கட்டாயம் கைவிட வேண்டும். முதலாவது, சூடான உணவையோ தேநீரையோ கவரில் வாங்குவது. இரண்டாவது, வெந்நீர் அடுப்பு மூட்டக் கவர்களைப் பற்றவைப்பது. நம் ஊர்ப்புறங்களில் இவ்வழக்கம் இன்றும் உள்ளது. நெகிழியை இவ்வாறு எரிக்கையில், குறிப்பாகப் பி.வி.சி. கலந்திருந்தால், டையாக்சின் முதலிய நச்சுகள் வெளிப்படுகின்றன. அதனை முதலில் சுவாசிப்பவர் அடுப்பருகே இருக்கும் பெண்களும் குழந்தைகளும் ஆவர்.

தவிர்க்க இயலாதவற்றை முறையாக ஒப்படைப்பது அடுத்த கடமை. ஈரக் கழிவு, உலர் கழிவு, வீட்டு நச்சுக் கழிவு எனத் தரம் பிரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கட்டாயமாக்கின. பால் உறையை வெட்டும்போது முனைத் துண்டு தனியே விழாதவாறு வெட்டி, கழுவி உலர்த்தி வைத்தால் பழைய பொருள் வாங்குவோர் எடைக்கு எடுத்துக்கொள்வர். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் அவர்கள் கழிவு நெகிழியைத் தாரோடு சேர்த்துச் சாலையிடும் முறையைக் கண்டறிந்து, 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். குழம்பும் சோறும் ஒட்டிய கவர் இத்தகைய எப்பயனுக்கும் உதவாது. தூய்மையாகவும் உலர்ந்தும் இருப்பதே மறுபயன்பாட்டின் முதல் நிபந்தனை.

துணிப்பையிலும் இஸ்ராஃப் உண்டு

துணிப்பையைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். பருத்தி விளைவிக்கவும் நூற்கவும் நெய்யவும் நீரும் மின்சாரமும் மிகுதியாகச் செலவாகின்றன. புவி வெப்பமாதலை மட்டும் கருதினால், ஒரு மெல்லிய கவரைவிட நன்மை பயக்க ஒரு பருத்திப் பை குறைந்தது 131 முறை பயன்பட வேண்டும் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. திருமணந்தோறும் தாம்பூலத்துடன் பெற்ற மஞ்சள் பைகள் நம் அலமாரியில் முப்பதுக்கு மேல் உறங்கிக்கொண்டிருந்தன. பயன்படுத்தாத பையைச் சேர்ப்பதும் இஸ்ராஃபின் ஒரு வகையே. புதிய பை வாங்குவதைவிட இருக்கும் பையைக் கிழியும் வரை பயன்படுத்துவதும், திருப்பூரின் துண்டுத் துணிகளிலும் பழைய வேட்டி சேலைகளிலும் பை தைத்துக்கொள்வதும் மேலானவை.

மற்றொரு வினாவும் உண்டு. கவரைக் கைவிட்டால் பாத்திரம் கழுவும் சுமை யார் மீது விழும்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மீதே விழுகின்றது. ஆண்கள் மேடையேறிச் சிக்கனம் பேசிவிட்டு, அதன் உழைப்பைப் பெண்களிடம் விடுவது நேர்மையன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் வீட்டுப் பணிகளில் பங்கேற்றும், தம் காலணியைத் தாமே தைத்தும் வாழ்ந்தார்கள் என்பதை நாம் வகுப்பில் போதிக்கிறோம். டப்பாவை எடுத்துச் செல்பவரே கழுவி வைப்பது என்பதை நம் இல்லத்தில் விதியாக்கினோம். தொடக்கத்தில் இதில் தவறியவரும் நாமே.

திமிஷ்க் நகரின் பாத்திர வக்ஃபு

வீட்டில் குறைத்தது விருந்தில் கூடிவிடுகின்றது. ஒரு வலீமா விருந்தில் ஒரு வேளையில் குவியும் குவளைகளும் பாட்டில்களும் விரிப்புகளும் ஒரு குடும்பத்தின் ஓராண்டுக் கழிவை விஞ்சும். இதற்கு மாற்று நம் வரலாற்றிலேயே உள்ளது.

1326ஆம் ஆண்டு திமிஷ்க் நகரை அடைந்த பயணி இப்னு பதூதா, அங்குக் கண்ட நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்துள்ளார். அடிமைச் சிறுவன் ஒருவன் தெருவில் சீனக் களிமண் தட்டொன்றைக் கைதவறி உடைத்துவிட்டான். கூடியவர்களுள் ஒருவர், உடைந்த துண்டுகளைத் திரட்டிக்கொண்டு பாத்திர வக்ஃபின் பொறுப்பாளரிடம் செல்லுமாறு கூறி, அவனை அழைத்துச் சென்றார். துண்டுகளைக் கண்ட பொறுப்பாளர் புதிய தட்டு வாங்குவதற்குரிய பணத்தை வழங்கினார். பணியாள் தண்டிக்கப்படலாகாது என்பதற்காகவே ஒரு செல்வர் அந்த வக்ஃபை ஏற்படுத்தியிருந்தார். உடைந்த அத்தட்டை அவ்வூரார் "ஸஹ்ன்" என்று அழைத்தனர் என்றும் இப்னு பதூதா குறிக்கின்றார். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் பலர் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் "சஹன்" இச்சொல்லேயாகும்.

பாத்திரத்துக்கென்று வக்ஃபு அமைத்த சமுதாயம் இன்று எறியும் தட்டில் விருந்திடுவது வருந்தத்தக்கது. ஜமாஅத்துகள் பல இன்றும் அண்டாக்களையும் தேக்சாக்களையும் விருந்துக்கு வாடகைக்குத் தருகின்றன. அவற்றுடன் ஐந்நூறு எவர்சில்வர் குவளைகளையும் தட்டுகளையும் சேர்த்து வைப்பது பெருஞ்செலவன்று. மறைந்த பெற்றோரின் பெயரால் ஸதக்கத்துல் ஜாரியாவாக அவற்றை வழங்க முன்வருவோர் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருப்பர். தட்டு வேண்டாமெனில் வாழையிலை இருக்கிறது. பாக்குமட்டைத் தட்டு இருக்கிறது. மேசைக்குக் கரூர்த் துணி விரிப்பு இருக்கிறது. குர்பானி இறைச்சியைப் பங்கிட வாழையிலையும் தேக்கிலையும் நம் தந்தையர் காலம் வரை போதுமானவையாக இருந்தன. அண்டை மாநிலமான கேரளம் 2015ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளைப் "பசுமை நெறிமுறை" வகுத்து நடத்தியது. பின்னர் அந்நெறி அங்குத் திருமணங்களுக்கும் பரவியது. ஒரு மாநிலத்தின் பெருவிழாவுக்கு இயன்றது ஒரு மஹல்லாவின் விருந்துக்கு இயலாதா?

விடை

மாணவரின் கேள்விக்கு வருவோம். கஞ்சி ஹலால். கொதிக்கும் நிலையில் அதனைக் கவரில் ஊற்றும்போது உண்பவருக்குத் தீங்கு நேரும் அச்சமும், எறிந்தபின் பிறர்க்குத் தீங்கு நேரும் உறுதியும் உள்ளன. ஆகவே தய்யிப் என்னும் நிலையிலிருந்து அது தாழ்ந்துவிடுகின்றது என்பதே நம் தாழ்மையான கருத்து. ஹராம் என்று தீர்ப்புரைக்க நாம் முன்வரவில்லை; தவிர்க்க எளிதாய் இருக்கும்போது தவிர்ப்பதே பேணுதல் என்று மாணவரிடம் கூறினோம்.

அடுத்த ரமளானில் நம் மஹல்லா நிர்வாகத்தாரிடம் இதனை எடுத்துரைத்தோம். "பாத்திரம் கொண்டு வராதவரைத் திருப்பி அனுப்ப முடியுமா?" என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. வேலை முடிந்து நேராக வரும் கூலித் தொழிலாளியும், வழிப்போக்கரும் அவ்வரிசையில் நிற்கின்றனர். எனவே பள்ளிவாசலிலேயே ஐம்பது தூக்குப்போசிகள் வாங்கி வைக்கப்பட்டன. பாத்திரமில்லாதவர் எடுத்துச் சென்று மறுநாள் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. மாத இறுதியில் பதினொன்று திரும்பவில்லை. சிலர் குறைபட்டுக்கொண்டனர். அவை எங்கோ ஒரு வீட்டில் பயன்பட்டுக்கொண்டிருக்கும் என்று நாம் ஆறுதல் கூறினோம். கவர் முற்றிலும் ஒழியவில்லை. எனினும் வரிசையில் தூக்குப்போசிகள் மீண்டும் தென்படத் தொடங்கின.

நம் வீட்டுச் சாக்கையும் அவ்வப்போது எண்ணி வருகிறோம். சென்ற முறை எண்ணியபோது 39 இருந்தன. அவற்றுள் பதினான்கு பால் உறைகள். அவற்றுக்கு மாற்று நமக்கு இன்னும் அகப்படவில்லை. மற்ற இருபத்தைந்தில் சில நம் மறதியாலும், சில நம் சோம்பலாலும் வந்தவை. இவ்விரண்டையும் வெல்வது நம் கையில் உள்ளது. வாசகர்களும் ஒரு வாரம் தம் இல்லத்துச் சாக்கை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது; அவ்விடையூற்றைப் பாதையில் போடாதிருப்பது அதற்கும் முந்திய கடமையன்றோ? அக்கடமையை நிறைவேற்ற வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக.